தூண்களுக்கு நடுவே: சென்னையின் ஸ்டில்ட்டும் சிங்கப்பூரின் கீழ்த்தளமும்

1. கேள்வி

அண்மைப் பத்தாண்டுகளில் சென்னையில் எழுந்த சிறு அடுக்ககங்களின் தரைத்தளத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கட்டடம் தூண்கள்மேல் நிற்கும். தூண்களுக்கு நடுவே கார்கள், சுவரோரம் ஸ்கூட்டர்கள், படிக்கட்டின் அடியில் தண்ணீர் மோட்டார், ஒரு மூலையில் மின் மீட்டர்கள், கேட்டருகே வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலி. கட்டுபவர்களும் வாங்குபவர்களும் இதை ஸ்டில்ட் என்கிறார்கள்.

சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடிகளும் இப்படித்தான் தூண்கள்மேல் நிற்கின்றன. அங்கே அந்தத் தளத்துக்கு வாய்ட் டெக் என்று பெயர். அதில் கார் நிற்பதில்லை. சதுரங்கக் கட்டம் பதித்த கல் மேசைகளும் இருக்கைகளும் உண்டு. சில கட்டடங்களில் பாலர் பள்ளியோ முதியோர் மையமோ சிறு பலசரக்குக் கடையோ இருக்கும். ஒரு வார இறுதியில் மலாய்க் குடும்பத்தின் திருமணப் பந்தலைக் காணலாம். வேறொரு வாரம் அதே இடத்தில் சீனக் குடும்பத்தின் துக்க நிகழ்வு நடக்கும்.

வெப்பமும் மழையும் மிக்க இரண்டு நகரங்கள். இரண்டிலும் கட்டடத்தின் அமைப்பு ஒன்று. இருந்தும் ஓர் ஊரில் அந்தத் தளம் பலர் புழங்கும் இடமாகவும் மற்றோர் ஊரில் வண்டிக் கொட்டகையாகவும் ஆனது ஏன்? இதை வடிவமைப்புக் கலையின் கேள்வியாகவே நம் கட்டடக்கலைஞர்கள் பேசிவருகிறார்கள். காரை எங்கே நிறுத்துவது, தரை யார் பெயரில் இருப்பது என்ற இரண்டு முடிவுகளே விடையைத் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் வாதம். வரைபடப் பலகைக்கு வேலை வருவது அந்த முடிவுகளுக்குப் பிறகுதான்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

கட்டடத்தைத் தூண்கள்மேல் உயர்த்தித் தரையை விடுவிக்க வேண்டும் என்பதை நவீனக் கட்டடக்கலையின் ஐந்து கொள்கைகளில் ஒன்றாக 1920களில் முன்வைத்தவர் லெ கொர்பூசியே. 1952இல் முடிந்த மார்செய் அடுக்ககத்தின் பருத்த தூண்கள் உலகெங்கும் நகலெடுக்கப்பட்டன. மரம், காற்று, நடைபாதை எல்லாம் கட்டடத்தின் கீழாகத் தடையின்றி ஓடும் என்பது கனவு. ஆனால் அவருடைய புகழ்பெற்ற சவோய் மாளிகையில் தரைத்தளச் சுவரின் வளைவைத் தீர்மானித்ததே கார் திரும்பத் தேவையான வட்டம்தான். தூண்களுக்கு நடுவே கார் புகுந்ததைச் சென்னை பில்டர்களின் கண்டுபிடிப்பு என்று பழிக்க வேண்டியதில்லை. அது பிறவியிலேயே கூட வந்தது.

அடுக்ககப் பொது இடங்கள் ஏன் வாழ்கின்றன, ஏன் சாகின்றன என்பதற்கு மூன்று வகை விளக்கங்கள் உண்டு. முதலாவது வடிவமைப்பு விளக்கம். ஆஸ்கர் நியூமன் 1972இல் வெளியிட்ட நூலில், ஓர் இடத்தைப் பகிரும் குடும்பங்கள் குறைவாக இருந்தால் அவர்கள் அதைத் தமதாகக் கருதிக் காப்பார்கள் என்றும், நூற்றுக்கணக்கானோர் பகிரும் தாழ்வாரம் யாருடையதும் ஆகாது என்றும் வாதிட்டார். அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 33 கட்டடங்களாக எழுந்து, 1972இல் இடிக்கத் தொடங்கப்பட்ட புரூயிட்–ஐகோ குடியிருப்பு. டென்மார்க்கின் யான் கேலும் 1971 முதலே கட்டடங்களுக்கு இடைப்பட்ட வாழ்வைப் பற்றி எழுதிவந்தார். உட்கார இடமும் பார்க்க ஆளும் இருந்தால் மனிதர்கள் வெளியே வருவார்கள் என்பது அவர் கண்டது.

இரண்டாவது பராமரிப்பு விளக்கம். புரூயிட்–ஐகோவைக் கொன்றது கட்டடக்கலை என்பது ஒரு கட்டுக்கதை என்று 1991இல் கேத்தரின் பிரிஸ்டல் எழுதினார். வாடகை வருவாயை மட்டும் நம்பி நடத்தப்பட்ட பராமரிப்பு, இனப் பாகுபாடு, நகரம் மக்களை இழந்தது ஆகியவற்றை அவர் காரணங்களாகக் காட்டினார். வரைபடத்தின்மேல் பழிபோடுவது இந்த அரசியலை மறைத்துவிடும் என்பது அவர் கருத்து. இன்றுவரை அதற்கு வலுவான மறுப்பு எதையும் நான் படித்ததில்லை.

மூன்றாவது பண்பாட்டு விளக்கம். ஏட்டில் குறைவாகவும் அசோசியேஷன் கூட்டங்களில் மிகுதியாகவும் கேட்பது. “நம்ம ஆளுங்களுக்குப் பொது இடத்தை வச்சுக்கத் தெரியாது. சிங்கப்பூர்ல ஒழுக்கம் இருக்கு.” இதை எளிதில் தள்ளிவிட முடியாது, ஏனெனில் பலரும் நம்புவது இதைத்தான். ஆறாம் பகுதியில் இதைச் சோதிப்போம்.

3. ஒரு கிரவுண்டின் கணக்கு

சென்னையின் மனைகள் கிரவுண்டில் அளக்கப்படுகின்றன. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 வந்தபின், உயரமல்லாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்எஸ்ஐ, 2 ஆனது. ஒரு கிரவுண்டு மனையில் 4,800 சதுர அடி கட்டலாம். மூன்று மாடி, மாடிக்கு 1,600 சதுர அடி, இரண்டு வீடுகள் என்று வைத்தால் ஆறு வீடுகள். அவற்றின் கீழே தூண்களுக்கு நடுவிலும் ஏறத்தாழ 1,600 சதுர அடி கிடைக்கிறது. வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் தளம் எஃப்எஸ்ஐ கணக்கில் சேராது. இந்த விலக்குதான் நம் தரைத்தளத்தின் உண்மையான வடிவமைப்பாளர்.

ஒரு கார் நிறுத்த 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் வேண்டும், அதாவது ஏறக்குறைய 135 சதுர அடி. ஆறு கார்களுக்கு 810 சதுர அடி. படிக்கட்டு, லிஃப்ட், மீட்டர் அறை, வாட்ச்மேனுக்கான கழிவறை, கார் உள்ளே வந்து திரும்பும் வழி எல்லாம் மீதியைத் தின்றுவிடுகின்றன. மிஞ்சுவது தூண்களின் ஓரத்து முக்கோணங்கள். ஒரு பெஞ்சு போட இடம் தேடினால் யாருடைய பம்பரிலாவது முழங்கால் இடிக்கும்.

விதிகள் பொது இடத்தை அறவே மறந்துவிடவில்லை. மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் திறந்தவெளி ஒதுக்கீடு வருகிறது. அடிப்படை அளவு 10 விழுக்காடு. ஆனால் 3,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய பதின்மூன்றரைக் கிரவுண்டு. பழைய நகரின் தனிவீட்டு மனைகளில் எழும் அடுக்ககங்கள் ஒன்றிலிருந்து நான்கு கிரவுண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றில் சட்டம் கட்டாயமாகக் கேட்கும் பகிர்வு இடங்கள் படிக்கட்டு, நடை, பக்கவாட்டுத் திறந்தவெளி, வண்டி நிறுத்தம் ஆகியவைதான். வண்டி நிறுத்தத்தை மட்டும் விதி மீட்டர் கணக்கில் அளந்து, வீட்டுப் பரப்போடு பொருத்திப் பார்க்கிறது. குழந்தைக்கோ முதியவருக்கோ அப்படி ஓர் அளவு கிடையாது. பழைய மகாபலிபுரம் சாலை (ஓஎம்ஆர்) பக்கத்துப் பெருங்குடியிருப்புகளில் கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், நடைப்பாதை என்று விளம்பரப் பக்கம் நிறைவது வேறொரு பொருளாதாரம். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

4. பத்திரத்தில் பொது, பழக்கத்தில் தனி

சென்னையில் வீடு வாங்குபவருக்குப் பத்திரம் பதிவாவது நிலத்தின் பிரிபடாத பங்குக்கு. யுடிஎஸ் என்றால் தரகர் முதல் வங்கி மேலாளர்வரை அனைவருக்கும் புரியும். ஆறு குடும்பங்களும் ஸ்டில்ட் நிற்கும் மண்ணின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் கூட்டாக உரிமையாளர்கள். இதைவிடப் பொதுவான சொத்து உண்டா? ஆனாலும் அதே தரையில் மஞ்சள் பெயின்டில் கோடு போட்டு 1ஏ, 2பி என்று எழுதியிருக்கும். கவர்டு கார் பார்க்கிங் என்று தனித் தொகையும் வாங்கப்பட்டிருக்கும்.

இந்த விற்பனையின் சட்ட அடித்தளம் ஆட்டம் கண்டு நெடுநாளாகிறது. மகாராஷ்டிரத்தின் 1963ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டத்தின் கீழ் எழுந்த நஹல்சந்த் லாலூசந்த் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஸ்டில்ட்டில் வண்டி நிறுத்தும் இடம் கராஜ் ஆகாது, அது கட்டடத்தின் பொதுப் பகுதி, கட்டுநர் அதைத் தனியாக விற்க முடியாது. 2016இல் வந்த மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா, கராஜ் என்றால் கூரையும் மூன்று பக்கச் சுவரும் வேண்டும் என்று வரையறுத்தது. பொதுப் பகுதிகளின் பட்டியலில் மொட்டை மாடி, விளையாட்டிடம், திறந்த வண்டி நிறுத்தம் ஆகியவை இடம்பெற்றன. கூரை இருந்து சுவர் இல்லாத ஸ்டில்ட் இந்த இரண்டு வரையறைகளுக்கும் இடையே தொங்குகிறது. சந்தை அந்த இடைவெளியைத் தனக்கு வேண்டியபடி நிரப்பிக்கொண்டது. விற்பனை என்ற சொல்லுக்குப் பதில் ஒதுக்கீடு என்று எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலில் யாரும் எடுத்துப் பேசாத ஓர் இனம் உண்டு. கட்டடத்தைப் பராமரிக்கும் பணியாளர்களும் காவலர்களும் தங்குவதற்கான இடமும் பொதுப் பகுதியே என்கிறது ரெரா. நம் அடுக்ககங்களில் இந்த இனத்தின் வடிவம் படிக்கட்டுக்கு அடியில் சாய்ந்த கூரையின் கீழே ஒரு பாய், ஒரு மின்சார அடுப்பு, கம்பியில் தொங்கும் சட்டை. சில நேரம் ஒரு குடும்பமே அங்கே இருக்கும். ஸ்டில்ட்டில் நாள் முழுவதும் வாழ்பவர் வாட்ச்மேன். வேலைக்கு இடையில் சற்று உட்காருபவர்கள் வீட்டுவேலை செய்யும் பெண்கள். இவர்களில் யாருக்கும் யுடிஎஸ் இல்லை, அசோசியேஷனில் குரல் இல்லை. வாடகைக்கு இருப்போரும் பல அசோசியேஷன்களில் மெயின்டனன்ஸ் கட்டுவார்கள், வாக்களிக்க மாட்டார்கள். பங்கு உள்ளவர்கள் லிஃப்டில் ஏறி மறைந்துவிடுகிறார்கள், இடத்தைப் புழங்குபவர்களுக்குப் பங்கில்லை. பொது இடத்தின் வடிவமைப்பு பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் முதல் வகையினரை மட்டுமே பயனாளிகள் என்று எண்ணி எழுதப்படுகின்றன.

5. வீவகவின் கீழ்த்தளம்

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1960இல் தொடங்கியது. தொடக்ககால அடுக்குமாடிகளில் தரைத்தளத்தில் வீடுகளும் கடைகளும் இருந்தன. தரைத்தளத்தைக் காலியாக விடுவது 1960களில் சோதனையாகத் தொடங்கி 1970களில் வழக்கமாயிற்று. காரணங்கள் கவித்துவமானவை அல்ல. தரைத்தள வீடுகளில் தனிமை குறைவு என்பதால் அவற்றை விரும்பியவர்கள் குறைவு. காற்றோட்டம் வேண்டும். மழையில் நனையாமல் பேருந்து நிறுத்தம்வரை நடக்க வழி வேண்டும். கம்பம் எனப்படும் கிராமக் குடியிருப்புகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

இந்தத் தளம் காலியாகவே இருந்ததற்கு மூன்று ஏற்பாடுகள் துணைநின்றன. முதலாவது, கார்களுக்குக் கட்டடத்தின் அடியில் இடம் தரவில்லை. வெளியே திறந்த நிறுத்துமிடமோ தனிப் பலமாடி நிறுத்துமிடமோ கட்டி, மாதக் கட்டணம் வாங்கினார்கள். அதோடு 1990 முதல் கார் வாங்கவே வாகன உரிமைச் சான்றிதழ் ஏலத்தில் எடுக்க வேண்டும். கார் குறைந்த ஊரில்தான் தூண்களுக்கு நடுவே இடம் மிஞ்சும். இதைச் சொல்லாமல் வாய்ட் டெக்கின் படத்தை மட்டும் காட்டும் கட்டடக்கலைச் சொற்பொழிவுகளை நாம் நிறையக் கேட்டாயிற்று.

இரண்டாவது, உரிமை. வீவக வீட்டை வாங்குபவர் 99 ஆண்டுக் குத்தகையில் தம் வீட்டைத்தான் வாங்குகிறார். கீழ்த்தளம் வீவகவுடையது, பராமரிப்பு நகர மன்றத்துடையது. குடியிருப்பவர் எவரும் அதில் தம் பங்கைக் கோடு கிழித்துக் காட்ட முடியாது. திருமணத்துக்கோ துக்கத்துக்கோ நகர மன்றத்தில் அனுமதி பெற்று, கட்டணம் கட்டி, குறித்த நாட்களுக்குப் பயன்படுத்தலாம். பக்கத்து வீட்டாரின் தயவு தேவையில்லை. மூன்றாவது, மதிற்சுவர் இல்லை. ஒரு கட்டடத்தின் கீழாக நடந்து அடுத்த கட்டடத்துக்குப் போகலாம், அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. மாமாக் கடை என்று சிங்கப்பூரர் எல்லா மொழியிலும் அழைக்கும் சிறு கடைகள் சில இந்தத் தளத்தில் பிழைப்பது அப்படி நடந்துபோகிறவர்களாலும்தான்.

இதை இலட்சிய உலகமாகக் காட்டும் எழுத்தை நான் நம்புவதில்லை. கீழ்த்தளம் அரசின் இடம், ஆகவே அரசின் ஒழுங்கும் அங்கே கூடவே குடியிருக்கிறது. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு என்று வரம்பு கட்டியது. மலாய்த் திருமணமும் சீனத் துக்கமும் ஒரே கூரையின் கீழ் நடப்பது தற்செயலல்ல, விற்பனை ஒதுக்கீட்டின் விளைவு. பொது வீடமைப்பை அரசின் ஏற்புடைமையைக் கட்டும் கருவியாகச் சமூகவியலாளர் சுவா பெங் ஹுவாட் 1997இல் வாசித்தது இந்த இடத்தில் பொருந்துகிறது. பந்து விளையாடத் தடை, சைக்கிள் ஓட்டத் தடை என்ற பலகைகள் தூண்தோறும் உண்டு. 2016இல் குவீன்ஸ்டவுனில் பிள்ளைகள் பந்து விளையாடுவதைத் தடுக்க ஒரு கீழ்த்தளத்தின் குறுக்கே கம்பித் தடுப்புகளே நட்டார்கள். அது பெரிய விவாதமாயிற்று. புதிய கட்டடங்களில் இந்தத் தளம் சிறுத்தும் வருகிறது. நிகழ்ச்சிகளுக்குத் தனிக் கூடம் கட்டுகிறார்கள், அல்லது 2015இல் முடிந்த டாசன் ஸ்கைவில்லில்போல, 80 வீடுகளுக்கு ஒன்றாகப் பகிர்வுத் திண்ணையை வானத்துக்கு உயர்த்துகிறார்கள். நியூமன் சொன்ன சிறு குழு என்ற கொள்கைக்கு அது நெருக்கமானது. ஆனால் வழிப்போக்கர் யாரும் 20ஆம் மாடிக்கு வரப்போவதில்லை.

6. பண்பாட்டு வாதத்துக்கு இரண்டு சோதனைகள்

சிங்கப்பூரர்களுக்குப் பொது இடப் பண்பாடு உண்டு என்றால், அதே மனிதர்கள் தனியார் காண்டோமினியத்துக்குக் குடிபெயரும்போது அதையும் எடுத்துச்செல்ல வேண்டும். அப்படி நடப்பதில்லை. காண்டோக்களில் மதில், காவலர், நிலவறைக் கார் நிறுத்தம், முன்பதிவு செய்ய வேண்டிய நீச்சல்குள ஓரத்து விருந்திடம் என்று எல்லாம் நம் ஓஎம்ஆர் விளம்பரம்போலவே இருக்கும். கீழே பந்தல் போட்டுச் சவப்பெட்டி வைத்த காண்டோவைக் காண்பது அரிது. மனிதர் அதே மனிதர், மாறியது உரிமையின் வடிவம்.

மறுபுறம் சென்னைக்குள்ளேயே பார்க்கலாம். 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய தரை + மூன்று மாடிக் குடியிருப்புகளில் ஸ்டில்ட் இல்லை. பல வீடுகள் இருநூற்றுச் சொச்ச சதுர அடிதான். ஆனால் கட்டடங்களுக்கு நடுவிலுள்ள வெளியில் கேரம் பலகை, அடிபம்பைச் சுற்றிக் குடங்கள், மீன் ஆயும் பெண்கள், இஸ்திரி வண்டி, ரசிகர் மன்றக் கொடிக்கம்பம், சாவுக்குப் பறை, மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல் எல்லாம் உண்டு. நம்ம ஆளுங்களுக்குப் பொது இடம் வராது என்பவர்கள் இந்த நம்ம ஆளுங்களை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. கார் இல்லாத இடத்தில், யார் பெயரிலும் கோடு கிழிக்காத தரையில், அதே ஊர் மக்கள் அந்தத் தரையை முழுவதும் பயன்படுத்துகிறார்கள்.

இதையும் அழகாக்கிப் பார்க்கக் கூடாது. உள்ளே இடமில்லாததால்தான் வெளியே வாழ்கிறார்கள். பெண்கள் தலைவாருவதும் துணி அலசுவதும் எல்லோர் கண்முன்னும் நடப்பதில் விருப்பம் பாதி, வேறு வழியின்மை பாதி. வடிகால் அடைத்தால் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிரிஸ்டல் சொன்ன பராமரிப்புப் பிரச்சினை இங்கே முழு உண்மை. உயிர்ப்புள்ள இடம் நல்ல இடம் என்று நான் சொல்லவில்லை. பண்பாடு இல்லாததால் இடம் செத்தது என்ற விளக்கம் பொய் என்பதற்கு மட்டும் இது சான்று.

7. ஐஸ் பெட்டி

ஒரு தரைத்தளத்தின் தகுதியைச் சோதிக்கத் திருமணத்தைவிடச் சாவு நல்ல அளவுகோல். திருமணத்துக்கு மண்டபம் உண்டு. சாவு வீட்டுக்குத்தான் வரும். சென்னை அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் ஒருவர் இறந்தால் ஐஸ் பெட்டி பெரும்பாலும் சிறு லிஃப்டுக்குள் நுழையாது. படிக்கட்டின் திருப்பத்தில் உடலை நாற்காலியிலோ போர்வையிலோ வைத்து இறக்க வேண்டும். கீழே பெட்டி வைக்க இடம் வேண்டுமானால் இரண்டு கார்களின் சாவிகளைத் தேடி, உரிமையாளர்களை எழுப்பி, வண்டிகளைத் தெருவுக்கு எடுக்க வேண்டும். வெளியூர் போனவரின் கார் நடுவே நின்றால் பெட்டி அதன் பக்கவாட்டில்தான். வந்தவர்கள் தெருவில் சாமியானாவின் கீழே. சில அசோசியேஷன்களில் வைக்கவே கூடாது என்பார்கள். பெரும்பாலானவற்றில் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது, முகம் மட்டும் சொல்லும். அந்த மண்ணில் இறந்தவருக்கும் ஆறில் ஒரு பங்கு பதிவாகியிருக்கும். வீவகவில் எந்தப் பங்கும் இல்லாதவரின் குடும்பம் நகர மன்றத்தின் ஒரு தாளை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் துக்கம் காக்கலாம்.

ஸ்டில்ட்டுக்கு ஆதரவான வலுவான சான்று ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீடுகள் மூழ்கின. ஸ்டில்ட் கட்டடங்களின் முதல் மாடி தப்பியது. தாழ்வான ஊரில் வீட்டைத் தூண்மேல் ஏற்றுவது அறிவான செயல்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு முன்னால் வேளச்சேரிக்காரர்கள் தம் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். கார் கிளம்பிப் போன அந்தச் சில மணி நேரம் ஸ்டில்ட்டுகள் காலியாக இருந்தன, பிறகு தண்ணீர் வந்தது. தூண்கள் தேவை என்பதில் சண்டையில்லை. அவற்றுக்கு நடுவே உள்ள 1,600 சதுர அடியும் ஒரே பயனுக்கு அடகுவைக்கப்பட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

8. மறுகட்டுமானப் பேரம்

இது கோட்பாட்டுக் கேள்வியாக நிற்கப்போவதில்லை. சென்னையின் 1980கள், 90களின் மூன்றுமாடிக் கட்டடங்கள் மூப்படைந்துவிட்டன. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் இசைவோடு இடித்துக் கட்ட வழிவிடுகிறது. அந்தக் கட்டடங்கள் பலவற்றில் தரைத்தளத்தில் இன்னும் வீடுகள் உள்ளன. வாசலில் துளசி மாடம், ஜன்னலோரம் பேச்சு, தெருவைப் பார்க்கும் ஒரு பாட்டி என்று தெருவோடு தொடர்புடைய தளம் அது. இடித்துக் கட்டும்போது அந்த வீடுகள் மேலே ஏறும், கீழே ஸ்டில்ட் வரும்.

பில்டரோடு நடக்கும் பேரத்தில் பேசப்படுபவை மூன்று: எத்தனை சதுர அடி கூடுதல், எத்தனை மாத வாடகை, வீட்டுக்கு எத்தனை கவர்டு பார்க்கிங். நான்காவதாக ஒன்றைச் சேர்க்க முடியும். அதற்குப் பெரிய வடிவமைப்பு வித்தை தேவையில்லை. ஆறு கார் இடங்களில் ஒன்றை, 135 சதுர அடியை, யார் பெயருக்கும் ஒதுக்காமல் படிக்கட்டை ஒட்டி விடுவது. அதில் கோடு போடுவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது. சுவரோடு சேர்த்த சிமென்ட் மேடை ஒன்று. பணியாளர் எல்லோரும் புழங்கும் கழிவறைக்கு உள்ளே தண்ணீரும் விளக்கும். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையும் ஆழம். அரசின் பக்கத்தில், வண்டிக்கு மட்டும் தரும் எஃப்எஸ்ஐ விலக்கை இப்படி விடப்படும் பொதுவிடத்துக்கும் தெளிவாக நீட்டி, அதில் பின்னால் வண்டி நிறுத்தினால் விலக்கைத் திரும்பப் பெறும் நிபந்தனையோடு விதியைத் திருத்தலாம். எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்ததே. இரண்டாவது கார் வைத்திருக்கும் வீட்டிலிருந்து வரும்; அந்த வீட்டின் கையெழுத்தும் மூன்றில் இரண்டு பங்கை எட்டத் தேவைப்படலாம்.